கியூட்டெக்ஸ் பூசிய போல்ட்

லக்ஸ்மன் என்ற பெயர்மேல் திலக்ஷனுக்கு அன்று காலை வரை எந்தக் கோபமும் இருந்ததில்லை. டிக்கோயாவில், அவசரமாக வரச்சொன்ன முத்துலிங்கத்தின் மின்பட்டறை வாசலில் அவன் த்ரீவீலரை நிறுத்த, பின் சீட்டிலிருந்து ஜெயந்தினி இறங்க, உள்ளேயிருந்து நெட்டையாக ஒரு மனிதர் வந்து, "அட, ஜெயந்தினி! நீர் எங்கை இங்காலை?" என்று கேட்டார். அந்த நிமிடத்திலிருந்துதான் வந்தது வினை.

"ஓம் லக்ஸ்மன்! பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்பதான் காணுறன்!" என்று ஜெயந்தினி சிரித்தாள்.

சும்மா சிரிக்கவில்லை, பல் தெரியச் சிரித்தாள். ஹட்டன் டவுனில் மாடியறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிற அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு, ஓட்டுநர், உதவியாளன், தேத்தண்ணி வாங்கி வருகிறவன் எல்லாமாக இருக்கிற திலக்ஷன் எத்தனையோ பகிடி சொல்லியிருக்கிறான். அதற்கெல்லாம் உதட்டோரம் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். இந்த ஆள் ஒரு பகிடியும் சொல்லாமல் முழுச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு போகிறார். ஓம், ஓம் என்று இரண்டு பேரும் யாழ்ப்பாணத் தமிழில் கொஞ்சிக்கொண்டே உள்ளே நடக்க, திலக்ஷன் வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனான்.

"மேடம், குற்றவாளி அவருதான்," என்றான் மெதுவாக.

"என்ன குற்றம் எண்டே இன்னும் எங்களுக்குச் சொல்லேல்லை, திலக்ஷன்."

"எதுவா இருந்தாலும் சரி. அவருதான்."

பட்டறை என்பது மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டிய மேல்மாடியில் இப்போது வயர்ச் சுருள்கள் தொங்கின. கீழே, உருளைகள் ஓடிய இடத்தில், ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே சுவிட்ச் போர்ட். பென்சிலுக்குள் போகிற காரீயத்தைத் தோண்டும் சுரங்கம் ஒன்றுக்காகச் செய்தது. சுரங்கத்தின் தண்ணீர்ப் பம்புகள், காற்றாடிகள், ஆட்களை ஏற்றி இறக்கும் லிஃப்ட், எல்லாவற்றுக்கும் மின்சாரம் இதிலிருந்துதான் பிரிந்து போகவேண்டும். ஆறு மாதமாகக் கறண்டும் இரும்பும் செப்பும் புழங்குகிற இடம், ஆனாலும் சுவரில் இன்னும் தேயிலைத்தூள் வாசம் போகவில்லை.

முத்துலிங்கம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மனிதருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"காலையில முழுக் கறண்டையும் ஏத்தி சோதிச்சுப் பார்த்தோம்ங்க. லிஃப்ட்டுக்குப் போற பெட்டியில பொகை. தொறந்து பார்த்தா, செப்புப் பட்டை ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு போல்ட் லூசு. கையாலயே திருப்பலாம். சுரங்கத்துல போய் இப்படி ஆகியிருந்தா, லிஃப்ட்டு பாதியில நின்னு, உள்ளுக்கு இருக்கிற ஆளுங்க இருட்டுல தொங்கிக்கிட்டு இருப்பாங்க."

"அந்தப் போல்ட்டை இறுக்கினது ஆர்?"

முத்துலிங்கம் கையை நீட்டினார். போர்டின் கடைசிப் பெட்டியருகே நீல ஓவர்ஓல் போட்ட ஒரு பெண் தலையைக் குனிந்தபடி நின்றாள். நிஷாந்தி. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். இந்தப் பட்டறையின் ஃபோர்மன். பட்டறையில் ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"இன்னைக்கிச் சாயந்தரம் லொறி கெளம்புது," என்றார் முத்துலிங்கம். "சுரங்கத்துல இதைப் பொருத்திக் குடுக்கப் போற குழுவுக்கு இவதான் தலைவின்னு போன வாரப் பெரட்டுலயே சொல்லிட்டேன். இப்ப இப்படி. சாயந்தரப் பெரட்டுல நான் ஒரு முடிவு சொல்லணும். இவ செஞ்ச தப்புன்னா லொறியிலயும் எடமில்ல, பட்டறையிலயும் எடமில்ல. ஆளுங்க உசிரு சம்பந்தப்பட்டதுங்க."

தோட்டத்தை விட்டு வந்தும் காலையும் மாலையும் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டுப் பழக்கத்தை முத்துலிங்கம் விடவில்லை. அந்த வரிசையில் வைத்து ஒருத்தி பெயர் வெட்டப்பட்டால் ஹட்டன் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் கையில் யாரும் ஒரு பல்பு மாட்டக்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

"நான்தான் நிஷாந்தியைக் கேட்டனான்," என்று லக்ஸ்மன் இடையில் புகுந்தார். அவர் சுரங்கக்காரர்களின் பொறியியலாளர், போர்டைச் சோதித்து ஏற்றுக்கொள்ள வந்திருந்தார். "அவவின்ரை வேலை அவ்வளவு சுத்தம். ஆனா பாரும் ஜெயந்தினி, போல்ட்டிலை அடையாளக் கோடு இருக்கு. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

ஜெயந்தினி குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். திலக்ஷனும் தலையை நுழைத்தான். செப்புப் பட்டைகளில் வரிசையாகப் போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பட்டை வரைக்கும் சிவப்பாக ஒரு சின்னக் கோடு.

"இது என்னாங்க, போல்ட்டுக்குப் பொட்டு வச்சிருக்கு?" என்றான் திலக்ஷன்.

பதில் சொன்னவன் அழகன். நிஷாந்திக்கு முன்னால் ஃபோர்மன் ஆகியிருக்கவேண்டியவன், ஆகாமல் போனவன். அந்த எரிச்சல் அவன் குரலில் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

"இறுக்கி முடிச்சதும் கோடு போடணும். போல்ட்டு கொஞ்சம் சுத்துனாலும் கோடு ரெண்டா ஒடைஞ்சு காட்டிக்குடுத்துடும். எல்லா எடத்துலயும் அதுக்குப் பெயிண்ட் பேனா இருக்கும். இங்க அது காய்ஞ்சு போச்சு. அதனால எங்க ஃபோர்மன் அம்மா கியூட்டெக்ஸ் பூசுறாங்க. நகத்துக்குப் பூசுறத!"

"போத்தல்ல காயாது, பூசுனா அழியாது, எண்ணெ பட்டாலும் போகாது," என்றாள் நிஷாந்தி தலை நிமிராமலே.

"சரிதான். ஆனா இறுக்காத போல்ட்டுக்கும் கோடு போட்டிருக்கீங்களே!"

நிஷாந்தி ஒன்றும் சொல்லவில்லை. அது திலக்ஷனுக்கு வினோதமாகப் பட்டது. ஒரு பெண் இவ்வளவு தூரம் ஏறி வந்த பிறகு, ஏணியைப் பிடுங்குகிறார்கள் என்றால் கத்தவேண்டாமா? அழவேண்டாமா? இவள் அந்தப் போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் பக்கத்தில் ஒருவன் வந்து தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினான். "குடி புள்ள. வெறும் வயித்தோட நிக்காத." அவள் வாங்கவில்லை.

"இவர் ஆர்?" என்று கேட்டாள் ஜெயந்தினி.

"கணேசமூர்த்தி. அவ வீட்டுக்காரர்," என்றார் முத்துலிங்கம். "இங்கதான் ஃபிட்டர். இவதான் அவரு கூட்டிக்கிட்டு வந்த ஆளு. ஒரு காலத்துல அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தவ."

ஜெயந்தினி டார்ச் அடித்து மற்றக் கோடுகளை எல்லாம் பார்த்துவிட்டு, லூசான போல்ட்டைக் கழற்றினாள். பக்கத்துப் பெட்டியிலிருந்து நல்ல போல்ட் ஒன்றையும் கழற்றித் தந்துவிட்டு, அங்கே புதிது ஒன்றை இறுக்கச் சொன்னாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் பல்புகளின் வெளிச்சத்தை விட்டு விலகி, ஜன்னலருகே போனாள். மலைச்சரிவில் பனி விலகி வெயில் ஒரு கீற்று விழுந்திருந்தது.

"திலக்ஷன், இந்த ரெண்டு கோடும் என்ன நிறம்?"

"சிவப்பு."

"லக்ஸ்மன், உமக்கு?"

"சிவப்புத்தானே."

"ஆம்பிளையளுக்குச் சிவப்பு எண்டா ஒண்டுதான்," என்றாள் ஜெயந்தினி. இரண்டு போல்ட்டையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாள். "வாரும், கடைக்குப் போவம்."

திலக்ஷன் வண்டியை எடுக்கப் போனபோதுதான் லக்ஸ்மன் பின்னாலேயே வந்தார். தோளில் கையைப் போட்டார். தோளிலேயே!

"தம்பி, அவ இப்ப வேலையிலை இருக்கிறா, குழப்ப விருப்பமில்லை. வழியிலை ஒருக்காச் சொல்லும். ஞாயிறு நான் நுவரெலியாவிலை நிப்பன். மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்டாச் சாப்பிடலாம் எண்டு."

"கட்டாயம் சொல்றேன் சார்," என்றான் திலக்ஷன்.

ஹட்டன் வரைக்கும் எத்தனையோ வளைவுகள். ஒன்றில்கூட அவன் அதைச் சொல்லவில்லை. மூன்றாவது வளைவில் வாயைத் திறந்தான், எதிரே பஸ் வந்தது, மூடிக்கொண்டான். பஸ்மேல் அவனுக்கு நன்றியாகக்கூட இருந்தது.

ஹட்டன் டவுனில் ஃபேன்சி கடை வைத்திருந்த சண்முகவடிவு இரண்டு போல்ட்டையும் வாங்கி, வளையல் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது என்னாங்க, போல்ட்டுக்கெல்லாம் கல்யாணமா?" என்று சிரித்துவிட்டு, "இது ரோசாச் சிவப்புங்க, இப்ப வர்றது. இந்த மத்தது குங்குமச் சிவப்பு. அது இப்ப வர்றதில்ல, கம்பெனி நிறுத்திப்புட்டான்."

"குங்குமச் சிவப்பை ஆரெல்லாம் வாங்கினவை?"

"எங்கிட்ட அதைக் கேட்டு வர்றது ஒரே ஒரு ஆளுதாங்க. பட்டறையில வேல செய்யுற நிஷாந்தி. போர்டு வேல தொடங்குறப்ப புதுசு கேட்டா. பழசு வர்றதில்லன்னேன். சரி, புதுசு வேலைக்கு, பழசுல மிச்சம் இருக்கிறது வீட்டுல இருக்கட்டும், கோயிலுக்குப் போறப்ப விரலுக்குப் போட்டுக்குவேன்னு சொன்னா."

வெளியே வந்ததும் ஜெயந்தினி வண்டியில் ஏறாமல் நின்றாள்.

"இப்ப விளங்குதோ? நிஷாந்தி இந்தப் போர்ட் முழுக்கப் புதுப் போத்தலாலைதான் கோடு போட்டவ. லூசான அந்த ஒரு போல்ட் மட்டும் பழைய நிறம். ஆரோ அதைத் தளர்த்தி, உடைஞ்ச கோட்டைச் சுரண்டிப்போட்டு, திரும்பப் போட்டிருக்கினம். சோதனைக்கு முதல் கோடு எல்லாம் பாப்பினம் எண்டு தெரிஞ்ச ஆள்."

"அழகன்," என்றான் திலக்ஷன். பிறகு, "இல்லாட்டி லக்ஸ்மன்," என்று சேர்த்துக்கொண்டான்.

"அந்தப் போத்தல் அவளின்ரை வீட்டிலை இருக்கு. லக்ஸ்மன் எப்படி எடுப்பார்?"

"கூரையைப் பிரிச்சு."

உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அன்றைக்கு அது திலக்ஷனுக்குப் போதவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது லொறியில் பெட்டிகள் ஏறத் தொடங்கியிருந்தன. கடைசிப் பெட்டி மட்டும் கதவு திறந்தபடி கீழே நின்றது. முத்துலிங்கம் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டார். எல்லாரும் வரிசையில் நிற்க, ஜெயந்தினி நடுவில் வந்து இரண்டு போல்ட்டையும் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"நிஷாந்தி போட்ட கோடு இது. இது வேறை ஆரோ போட்டது. நிறம் வேறை. பழைய போத்தல் ஒண்டிலை இருந்து எடுத்தது. அந்தப் போத்தல் எங்கை இருக்கு, நிஷாந்தி?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் போல்ட்டைப் பார்த்தார்கள். அழகன் கழுத்தை நீட்டி, "அட, ஆமா!" என்று சொல்லியேவிட்டான்.

நிஷாந்தி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தேட வேணாம்ங்க. நாந்தான் செஞ்சேன். அந்தப் போல்ட்டுக்கு வர்றப்ப புதுசு கையில இல்ல, பழசப் பூசிட்டேன். இறுக்க மறந்துட்டேன். எம் பேர வெட்டிடுங்க மொதலாளி."

முத்துலிங்கம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். லக்ஸ்மன் "சே!" என்றார். ஜெயந்தினியின் நெற்றி சுருங்கியது. கையில் இருந்த துப்பைக் கொண்டே அவளை அடித்துவிட்டாள் நிஷாந்தி.

லக்ஸ்மன் நிஷாந்தியருகே போனார். "நீங்கள் இப்பிடிச் செய்வீங்கள் எண்டு நான் நம்பமாட்டன். நான் உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் மெல்ல.

அந்த நேரம் திலக்ஷன் போல்ட்டையும் பார்க்கவில்லை, நிஷாந்தியையும் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற கணேசமூர்த்தியைப் பார்த்தான். கணேசமூர்த்தி லக்ஸ்மனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழுதட்டைப் பல்லால் அழுத்தி, கண்ணை லேசாக இடுக்கி, சிரிக்கப் போகிறவனைப் போல வாயை வைத்துக்கொண்டு. அந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று திலக்ஷன் யோசித்தான். காலையில், லக்ஸ்மனின் செய்தியை விழுங்கிக்கொண்டு ஓட்டியபோது, த்ரீவீலர்க் கண்ணாடியில்! அது அவனுடைய முகம்தான்.

பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இந்த ஆளைக் காட்டிக்கொடுப்பது தன்னையே காட்டிக்கொடுப்பது போல இருந்தது.

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"பகிடி எண்டா வேண்டாம்."

"பகிடி இல்ல." அவன் நிஷாந்தியிடம் திரும்பினான். "அக்கா, உங்ககிட்ட ரெண்டு போத்தல் இருந்துச்சு. வேலைக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு. ஏன்? ரெண்டும் வேற வேற செவப்புன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச ஆளு போர்ட் முழுக்க ஒரு செவப்பு பூசிட்டு, ஒரே ஒரு போல்ட்டுக்கு மட்டும் வேற செவப்பு பூசுவாங்களா? இத பூசுன ஆளுக்கு செவப்புன்னா ஒண்ணுதான். ஆனா அந்தப் போத்தல் உங்க வீட்டுல எங்க இருக்குன்னு மட்டும் தெரியும்."

தகரக் கூரையில் மழை பிடித்தது.

"நீங்க காலையிலேயே கண்டுபுடிச்சிட்டீங்க," என்றான் திலக்ஷன். "அதான் கத்தல, அழல. போல்ட்டப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

நிஷாந்தியின் கண்ணிலிருந்து அப்போதுதான் முதல் சொட்டு விழுந்தது. அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததே போதுமாக இருந்தது.

கணேசமூர்த்தி வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"ஸ்பேனர் எப்படிப் புடிக்கணும்னு நான்தான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்," என்றான். "கறண்டுன்னா பயந்து பின்னுக்கு நின்னவ. நான்தான் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். இன்னைக்கி டவுனுக்குப் போனா, 'நிஷாந்தியோட புருசனா நீங்க?'ன்னு கேக்குறாங்க. எனக்குப் பேரு இல்லையா? இப்ப இந்த இன்ஜினியரு வந்து, 'நிஷாந்திதான் வேணும், நிஷாந்திதான் வேணும்'னு... ஒரு மாசம் இவ அங்க. நான் இங்க. என்னால முடியலங்க. வயிறு எரிஞ்சுது. சோதனையில எப்படியும் புடிச்சிருவாங்கன்னு தெரியும். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான்..."

"லிஃப்ட்டோட போல்ட்டு," என்றாள் நிஷாந்தி. அன்று அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அத்தன போல்ட்டு இருந்துச்சு. என்னைய கவுக்க ஆளுங்க தொங்குற போல்ட்டுதான் கெடைச்சுதாங்க உங்களுக்கு?"

அவன் லிஃப்ட்டுப் பெட்டியின் திறந்த கதவைப் பார்த்தான்.

முத்துலிங்கம் எழுந்து ஏதோ சொல்லப் போனார். நிஷாந்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மொதலாளி, பெட்டி ஒண்ணு இன்னும் ஏறல. லொறி போகணும்." முகத்தை ஓவர்ஓல் கையால் துடைத்துக்கொண்டாள். கருகிய பட்டையைக் கழற்றிப் புதுப் பட்டை பொருத்தினாள். அளவுக்கு முறுக்கியதும் டக்கென்று சத்தம் போடுகிற பெரிய ஸ்பேனரை எடுத்துக் கணேசமூர்த்தி கையில் வைத்தாள்.

"நீங்களே முறுக்குங்க."

அவன் பெட்டிக்குள் குனிந்தான். ஸ்பேனர் ஒரு தரம் வழுக்கியது. நிஷாந்தி உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. மறுபடி முறுக்கினான். டக். எல்லாருக்கும் கேட்டது.

அவள் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, அந்தப் போல்ட்டின்மேல் ஒரு கோடு போட்டாள். ரோசாச் சிவப்பு. காயும் வரைக்கும் வாயால் ஊதினாள்.

"அழகன் அண்ணே, நீங்க எங்கூட வாங்க," என்றாள். அழகன் அதிர்ந்துபோனான். தன் பெயரை அவள் சொல்வாள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கவில்லை. காலையில் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்திருக்கவேண்டும், காது சிவக்கத் தலையை ஆட்டினான். இனி இவனுக்கு வேலை கொடுக்கிறதா என்று முத்துலிங்கம் கணேசமூர்த்தியைக் காட்டிக் கேட்டபோது, அவள் லொறியில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"அது உங்க பெரட்டுங்க மொதலாளி. எனக்கு அதுல பேச்சில்ல." பிறகு, கதவைச் சாத்துவதற்கு முன்னால், யாரையும் பார்க்காமல், "வீட்டுச் சாவி ஆணியில இருக்கு. சோத்துப்பானை அடுப்பில இருக்கு. கோயிலுக்குப் பூசுற போத்தலை எடுத்த எடத்துலயே வச்சிருங்க. நான் வந்து பார்ப்பேன்," என்றாள்.

லொறி மழைக்குள் வட்டவளைப் பக்கம் இறங்கியது. கணேசமூர்த்தி ஸ்பேனரைக் கீழே வைக்க மறந்து வாசலிலேயே நின்றான்.

திலக்ஷன் அதைப் பார்க்கப் பிடிக்காமல் வண்டியைக் கிளப்பினான். ஜெயந்தினி ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவு போனது. இரண்டாவது போனது.

"மேடம்."

"ம்."

"லக்ஸ்மன் சார் காலையில ஒரு செய்தி சொல்லச் சொன்னாரு. ஞாயித்துக்கெழமை நுவரெலியாவுல உங்களோட சாப்பிடணுமாம். நான் சொல்லல. மறந்தெல்லாம் போகல. வேணும்னேதான் சொல்லல."

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கோபம் இல்லை.

"எனக்குத் தெரியும். அவர் மத்தியானமே நேரை கேட்டிட்டார். நீர் எப்ப சொல்லுவீர் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

மழை முன்கண்ணாடியில் அடித்தது. அவன் துடைப்பானைப் போட்டான். கிறீச் கிறீச் என்று அது ஆடியது.

"நான் என்ன பதில் சொன்னனான் எண்டு கேக்கேல்லையோ?"

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"அடுத்தது பெரிய வளைவு, மேடம். கேட்டா வண்டி நேரா ஓடாது."

பின் சீட்டில் ஜெயந்தினி சிரித்தாள். பல் தெரிந்ததா என்று பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. அவன் இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்து ஓட்டினான்.